கண்ணை மூடிக்கொண்டு சொன்னது

டன்னவே ஊரில் அடுத்த வீட்டு விஷயத்தைப் பேசுவது பாவம். அதே விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கடைசியில் "அவங்களுக்காக ஜெபிச்சுக்குங்க" என்று முடித்தால் பாவமில்லை. யாருடைய புருஷன் யாரோடு போனான், யாருடைய மகன் சிறையில் இருக்கிறான், யாருக்கு மார்பில் கட்டி என்பதெல்லாம் அலபாமாவின் அந்த மூலையில் ஜெபக் குறிப்பாகத்தான் வீடு வீடாகப் போகும். கேட்டவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். பிறகு போனை எடுத்து, இன்னும் நாலு பேரை ஜெபிக்கச் சொல்வார்கள். மேடெல் ப்ரூயிட் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். இதில் என்ன தப்பு இருக்க முடியும் என்று அவள் ஐம்பத்தெட்டு வயதுவரை யோசித்ததே கிடையாது.

ஊரின் அரசுப் பள்ளியில் மேடெல்தான் ஆபீஸ். பேருக்குத் தலைமையாசிரியர் ஹபர்ட் இருந்தார். ஆனால் முழங்கால் சிராய்த்த பிள்ளையும், சாப்பாட்டை மறந்த பிள்ளையும், வாத்தியாரிடம் கோபித்துக்கொண்ட பிள்ளையும் வந்து நிற்பது மேடெலின் மேஜைக்கு முன்னால்தான். எல்லோரும் அவளை மிஸ் மேடெல் என்பார்கள். எல்லோரையும் அவள் கண்ணு என்பாள். அவள் மேஜையின் மேல்தான் பள்ளி முழுவதற்குமான மைக் இருந்தது. தினமும் காலையில் அந்த மைக்கில் முதலில் கொடிக்கு உறுதிமொழி, அடுத்து மதியச் சாப்பாடு என்ன என்ற அறிவிப்பு, அதன் பிறகு ஜெபம்.

அரசுப் பள்ளிகள் ஜெபம் நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அந்தத் தீர்ப்பு டன்னவே வந்து சேர்வதற்குள் வழியிலேயே களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது. யாராவது வெளியூர்க்காரர் கேட்டுவைத்தால் சொல்வதற்கு ஹபர்ட் ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தார்: "நாங்க எங்க ஜெபிக்கிறோம்? புள்ளைங்க அவங்களா ஜெபிக்குதுங்க. நாங்க குறுக்கே நிக்கிறதில்ல, அவ்வளவுதான்." ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முறைவைத்து வந்து மைக்கின் முன்னால் நிற்பார்கள் என்பது வாஸ்தவம். அந்தப் பிள்ளையின் காதருகே குனிந்து, இன்றைக்கு யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று கிசுகிசுப்பது மேடெல் என்பதும் வாஸ்தவம். இரண்டாவதை ஹபர்ட் யாரிடமும் சொன்னதில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விட்ட பிறகு, ரோண்டா ஆபீசுக்கு வந்தாள். கோழி ஆலையில் வேலை செய்கிறவள், முப்பத்து மூன்று வயது. மகள் டெஸ்ஸா ஐந்தாம் வகுப்பில் படித்தாள். ரோண்டாவிடம் எப்போதும் வருகிற புதினா மிட்டாய் வாசனை எதை மறைப்பதற்கு என்று மேடெலுக்குத் தெரியும்.

"மிஸ் மேடெல், கதவைக் கொஞ்சம் சாத்திக்கட்டுமா?"

"சாத்திக்க, கண்ணு. ஒக்காரு."

ரோண்டா உட்காரவில்லை. "நான் மூணு வாரம் பர்மிங்ஹாம் போறேன். குடியை விடுறதுக்கு. அங்க ஒரு எடம் கெடச்சிருக்கு. டெஸ்ஸா எங்கக்கா டார்லீன் வீட்ல இருப்பா. புள்ளைங்ககிட்ட, நான் வேலைக்குப் போறேன்னு சொல்லியிருக்கோம். அக்காவுக்கும் உங்களுக்கும்தான் விஷயம் தெரியும். ஏதாவது அவசரம்னா பள்ளிக்கூடத்துல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணுமில்ல?"

"நல்ல காரியம் பண்ற. இதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற?"

"ராய்ஸ் காதுக்குப் போச்சுன்னா அவ்வளவுதான் மிஸ். விவாகரத்து ஆனதுலேர்ந்து இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கான். புள்ளைய விட்டுட்டு ஓடிட்டா, குடிகாரின்னு சொல்லித் தூக்கிட்டுப் போயிடுவான்."

மேடெல் எழுந்து வந்து ரோண்டாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "என் வாய்லேர்ந்து ஒரு வார்த்தை வெளிய போகாது," என்றாள். அப்படியே கண்ணை மூடி அவளுக்காக ஜெபித்தாள். ரோண்டா அழுதாள், மேடெலும் அழுதாள். வேஷம் எதுவும் இல்லை. மேடெல் நிஜமாகவே அவளை நேசித்தாள். பின்னால் வந்த தொல்லைக்கெல்லாம் அந்த நேசம்தான் காரணம் என்பதால் இதைச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

ரோண்டா புறப்பட்டுப் போன அடுத்த திங்கட்கிழமை மைக்கில் நிற்கும் முறை டார்லீனின் மகள் லேனிக்கு வந்தது. டெஸ்ஸாவின் பெரியம்மா மகள், பதினோரு வயது, எதையும் ஒருமுறைக்கு இருமுறை யோசித்துப் பேசுகிற பெண். வார இறுதி முழுவதும் மேடெலின் மனது பர்மிங்ஹாமிலேயே இருந்தது. அந்தப் பெண் அங்கே தனியாக என்ன பாடுபடுகிறாளோ, கை நடுங்குமோ, பாதியில் எழுந்து வந்துவிடுவாளோ என்று தவித்தாள். தன் ஒருத்தியின் ஜெபம் போதாது, பள்ளியிலுள்ள அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தலை குனிந்தால் ஆண்டவர் எப்படிக் கேட்காமல் இருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. வாக்குக் கொடுத்தது நினைவில் இல்லாமல் இல்லை. மனிதர்களிடம்தான் சொல்ல மாட்டேன் என்றாள். ஆண்டவரிடம் சொல்வது எப்படிச் சொன்னதாகும்?

லேனி ஜெபத்தைத் தொடங்கினாள். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேடெல் அவள் காதருகே குனிந்து கிசுகிசுத்தாள். லேனி சட்டென்று நிறுத்திவிட்டுத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். வகுப்பறைகளிலெல்லாம் பிள்ளைகள் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள்.

மேடெல் தலையை அசைத்தாள். "சொல்லு கண்ணு," என்று வாயை மட்டும் அசைத்தாள்.

"குடிப்பழக்கத்தை விடறதுக்காக பர்மிங்ஹாம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிற டெஸ்ஸாவோட அம்மாவுக்காக ஜெபிக்கிறோம்," என்றாள் லேனி. கடைசி வார்த்தைகள் தேய்ந்துதான் வந்தன. "இயேசுவின் நாமத்தில், ஆமென்."

மேடெல் விளக்கை அணைத்தாள். லேனி நகரவில்லை.

"சித்தி குடிப்பாங்களா மிஸ்?"

அந்தப் பிள்ளைக்கு அதுவரை ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் மேடெலுக்கு உறைத்தது. "அது உனக்கும் எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல. யாரு கேட்டாலும் இதைப் பத்திப் பேசக்கூடாது. சரியா?"

"சரி மிஸ்."

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அந்தச் செய்தி சமையலறைக்குப் போய்விட்டது. சமையலறையில் பரிமாறுகிற ஜூவல், ராய்ஸுக்கு அத்தை மகள். அவளும் கெட்டவள் இல்லை. ஜெபிக்கச் சொல்லித்தான் போன் செய்தாள். பள்ளி விடுவதற்கு முன்பே ராய்ஸின் வண்டி வாசலில் வந்து நின்றது. பெற்ற தகப்பன் வந்து பிள்ளையைக் கேட்டால் அனுப்ப மாட்டேன் என்று சொல்ல மேடெலுக்கு அதிகாரம் கிடையாது. காலையில் லேனி பேசிய அதே மைக்கில், "டெஸ்ஸா, பையை எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு வா, கண்ணு," என்று அவளே கூப்பிட வேண்டியதாயிற்று. வந்த டெஸ்ஸாவின் கண்கள் சிவந்திருந்தன. காலை முழுவதும் வகுப்பில் அவளை யாரோ கேலி செய்திருக்கிறார்கள், அல்லது யாரோ கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். எது அதிகக் கொடுமை என்று மேடெலால் சொல்ல முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து ரோண்டா இளைத்துப்போய், தெளிந்த கண்களோடு திரும்பி வந்தாள். வந்தவுடன் வீட்டுக்குக்கூடப் போகாமல் பள்ளி ஆபீசுக்கு வந்து நின்றாள். புதினா வாசனை இல்லை.

"உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மிஸ் மேடெல். தப்பா எடுத்துக்காதீங்க. யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

பதில் சொல்ல மேடெலுக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த ஒரு மூச்சில் அவள் நேர்மையானவளாக ஆகியிருக்கலாம்.

"ஒரு மனுஷங்ககிட்டயும் நான் சொல்லல, ரோண்டா."

ஊர் வழக்கப்படி பார்த்தால் அது பொய் இல்லை. ஆனால் சொன்ன வாய்க்கு அது பொய் என்று தெரிந்தது.

"எனக்குத் தெரியும்," என்றாள் ரோண்டா. "நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க. கேட்டதுக்கு மன்னிச்சிக்குங்க. அப்போ எங்கக்காதான். அவ வீட்ல பேசியிருக்கா, லேனி அதைக் கேட்டுட்டு வந்து மைக்கில கக்கியிருக்கு."

அன்று சாயங்காலம் டார்லீனின் வீட்டு முற்றத்தில் அக்காவும் தங்கையும் போட்ட சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்டது. டார்லீன் சத்தியம் செய்தாள், ரோண்டா நம்பவில்லை. லேனியைக் கூப்பிட்டு, யார் சொன்னது என்று கேட்டார்கள். லேனி வாயைத் திறக்கவில்லை. கோபத்தில் ரோண்டா அந்தக் குழந்தையைப் பார்த்து, "உன்னாலதான் என் புள்ள போச்சு," என்றாள். இதை மேடெலுக்கு ஜூவல் சொன்னாள், ஜெபக் குறிப்பாக.

மேடெல் செய்ததெல்லாம், ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கோழியும் சாதமும் சீஸும் வேகவைத்து, அடியில் தன் பெயரை ஒட்டி, ரோண்டாவின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததுதான். டன்னவேயில் துக்கத்துக்கும் அதுதான், பிரசவத்துக்கும் அதுதான், குற்ற உணர்ச்சிக்கும் அதுதான். இரண்டாம் நாள் பாத்திரம் கழுவித் துடைக்கப்பட்டுத் திரும்பி வந்தது. வெறும் பாத்திரமாகத் தரக்கூடாது என்று, உள்ளே ஆறு முட்டை வைத்திருந்தாள் ரோண்டா.

"ஊர்ல நீங்க ஒருத்தர்தான் என் வாசப்படி ஏறினீங்க," என்றாள். "இன்னொரு ஒதவியும் பண்ணணும். நான் சொல்லாம கொள்ளாம புள்ளைய அம்போன்னு விட்டுட்டுக் கூத்தடிக்கப் போயிட்டேன்னு ராய்ஸ் கோர்ட்டுல சொல்றான். அக்காவும் நானும் பேசிக்கிறதில்ல; பேசினாலும் கூடப் பொறந்தவ சாட்சியை எவன் நம்புவான்? போறதுக்கு முந்தி உங்ககிட்ட வந்து எல்லாம் சொல்லிட்டுத்தான் போனேன்னு நீங்க ஜட்ஜுகிட்ட ஒரு வார்த்தை சொன்னா, டெஸ்ஸா எங்கிட்ட வந்துருவா."

"பார்க்கலாம்," என்றாள் மேடெல். பார்க்கலாம் என்ற அந்த வார்த்தையை நினைத்து அவள் பிறகு எத்தனையோ நாள் வெட்கப்பட்டாள். கோர்ட்டில் கையை வேதப்புத்தகத்தின் மேல் வைத்துக்கொண்டு அதைச் சொன்னால், அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அதற்குள் விஷயம் பெரிதாகிவிட்டது. ரோண்டாவின் வக்கீல் பள்ளி வாரியத்துக்கு நோட்டீஸ் விட்டார்: அரசுப் பள்ளி, மைக்கில் ஜெபம் நடத்தியது சட்டப்படி தப்பு, அதில் ஒரு தாயின் நோயை ஊருக்கே அறிவித்தது அதைவிடத் தப்பு, இரண்டையும் வாரியம் ஒத்துக்கொள்ள வேண்டும். ஊர் இதில் முதல் பாதியை மட்டும்தான் படித்தது. மறுவாரம் வீட்டுக்கு வீடு முற்றத்தில் பலகை முளைத்தது: இங்கே நாங்கள் ஜெபிக்கிறோம். சபையில் நீலச் சட்டை அச்சடித்து விற்றார்கள். கோழி ஆலையில் ரோண்டாவோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்கு வந்துகொண்டிருந்தவளைக் கடவுள் மறுப்பாளி ஆக்குவதற்கு அந்த ஊருக்கு மொத்தம் எட்டு நாள் போதுமானதாக இருந்தது.

வாரியக் கூட்டத்துக்கு முதல் நாள் ஹபர்ட் மேடெலைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவள் மனதில் இருப்பது அவருக்குத் தெரியும் என்பது அவர் அவளைப் பார்க்காமலே பேசியதில் தெரிந்தது.

"நம்ம வக்கீல் சொல்றாரு, புள்ளைங்க அவங்களா ஜெபிச்சா ஜெயிச்சிரலாமாம். பெரியவங்க யாராவது கை வெச்சிருந்தா, அதோட ஜெபம் போச்சு, பள்ளிக்கூடத்துக்குக் கேஸும் போச்சு. லேனி அவளா சொன்னா. அப்படித்தானே மேடெல்?"

"அது சின்னப் புள்ள, ஹபர்ட் சார்."

"அதுக்கு என்ன ஆயிரப்போவுது? சின்னப் புள்ள ஜெபிச்சதுக்கு யாராவது திட்டுவாங்களா? கையைத்தான் தட்டுவாங்க." பிறகு சற்றுத் தணிந்த குரலில், "நீங்க குறுக்க எதுவும் பேச வேண்டாம். கடைசியில ஜெபம் பண்ணி முடிச்சு வெச்சாப் போதும். ஒங்கள மாதிரி யாரு ஜெபிக்க முடியும்?" என்றார்.

கூட்டம் பள்ளியின் விளையாட்டு அரங்கில் நடந்தது. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே வாரியத்தின் மேஜை, படிக்கட்டு இருக்கைகள் முழுக்க நீலச் சட்டைகள். ரோண்டா ஒருத்தி மட்டும் ஆலைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையோடு முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி நான்கு நாற்காலிகள் காலியாக இருந்தன. அதில் ஒன்றில் உட்காரலாம் என்று போன மேடெல், பாதி வழியில் திரும்பி ஹபர்ட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னம்மா ரோண்டா, ஆண்டவரையே உள்ள தள்ளப் போறியா?" என்று மேலேயிருந்து ஒருவன் கத்தினான். சிரிப்பு எழுந்தது. ரோண்டா எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"நானும் ஜெபிக்கிறவதான். ஜெபிச்சுத்தான் குடியை விட்டேன். வீட்ல ஜெபிங்க, சபையில ஜெபிங்க, தெருவுல முழங்கால் போடுங்க, நான் கேக்கல. இது எங்க எல்லாரோட வரிப்பணத்துல நடக்கிற பள்ளிக்கூடம். என் புள்ள இங்க வந்துதான் ஆகணும், இங்க ஒக்காந்து கேட்டுத்தான் ஆகணும். எழுந்து போக முடியாது. எங்கம்மாவப் பத்தி எல்லாருக்கும் சொல்லாதீங்கன்னு அவளால சொல்ல முடியல." உட்கார்ந்துவிட்டாள். யாரும் கை தட்டவில்லை.

பிறகு லேனியைக் கூப்பிட்டார்கள். யாரோ ஒரு நீலச் சட்டையை அவளுக்கும் மாட்டிவிட்டிருந்தார்கள். அது அவள் முழங்காலைத் தொட்டது. டார்லீன் பின்வரிசையில் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அந்த ஜெபத்தை உனக்கு யாராவது சொல்லிக்கொடுத்தாங்களா, லேனி?" என்று ஹபர்ட் கேட்டார். "இல்ல, நீயாவே சொன்னியா?"

லேனி சுற்றிலும் பார்த்தாள். ரோண்டாவைப் பார்த்தாள், தலையைக் குனிந்தாள். பிறகு நேராக மேடெலைப் பார்த்தாள். கோபமாகவோ கெஞ்சலாகவோ பார்த்திருந்தால்கூட மேடெல் தாங்கியிருப்பாள். மைக்கின் முன்னால் நிற்கிற பிள்ளை அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை அது.

மேடெல் தலையை அசைக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"நானாத்தான் சொன்னேன்," என்றாள் லேனி.

அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. இருக்கைப் பலகைகள் அதிர்ந்தன. ஒருவர் அந்தப் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். ரோண்டா மட்டும் அக்கா மகளை ஒரு வெறுப்போடு பார்த்தாள். லேனி அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு நின்றாள். தான் செய்த காரியத்தின் முழு உருவமும் மேடெலுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்திருக்கிறாள், இன்னொரு பிள்ளையைப் பொய் சொல்ல வைத்திருக்கிறாள், அதற்கு ஊர் கை தட்டுகிறது.

"மிஸ் மேடெல் ஜெபிச்சு முடிச்சு வெப்பாங்க," என்று ஹபர்ட் அறிவித்தார்.

அவள் மைக்கின் முன்னால் போய் நின்றாள். அத்தனை தலைகளும் குனிந்தன, தொப்பிகள் கழன்றன. டன்னவேயில் ஜெபத்துக்கு நடுவே குறுக்கிட யாருக்கும் பழக்கமில்லை. கூரையில் தீப்பிடித்தால்கூட ஆமென் சொல்லிவிட்டுத்தான் ஓடுவார்கள். எழுந்து வரும்போது அவள் மனதில் வழக்கமான ஜெபம்தான் இருந்தது. அதைத்தான் ஆரம்பித்தாள்.

"பரம பிதாவே, இந்த மாலை வேளைக்காக ஸ்தோத்திரம். இங்கே கூடியிருக்கிற ஒவ்வொருவருடைய இருதயத்தையும் நீர் அறிந்திருக்கிறீர்."

"ஆமா ஆண்டவரே," என்று நாலு பேர் முனகினார்கள்.

"இன்றைக்கு ஒருத்திக்காக ஜெபிக்க வந்திருக்கிறோம். அவள் பெயர் மேடெல் ப்ரூயிட்."

ஹபர்ட்டின் ஒரு கண் திறந்தது.

"தன்னை நம்பி ஒரு தாய் வந்து சொன்னதை வெளியே சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். மூணு நாள் கழிச்சு அதை ஒரு பச்சப்புள்ள காதுல ஓதி, மைக்கில சொல்ல வெச்சா. அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது ஆண்டவரே. மைக்கில சொல்லும்போதுதான் அதுக்கே தெரிஞ்சுது. டார்லீன் ஒரு வார்த்தை சொல்லல. போறதுக்கு முந்தி ரோண்டா எல்லா ஏற்பாடும் பண்ணி, என்கிட்ட வந்து சொல்லிட்டுத்தான் போனா. நீ சொன்னியான்னு அவ கேட்டப்ப, நான் சொல்லலன்னு பொய் சொன்னேன். இத்தனை நாளும் புள்ளைங்க காதுல ஓதினது நான்தான். எதையும் அதுங்களா சொல்லல. எங்களை மன்னியும்னு கேக்க மாட்டேன். என்னை மன்னியும்னுதான் கேக்கிறேன். ஆமென்."

ஆமென் என்று அரங்கத்தில் ஒருவரும் சொல்லவில்லை. மேடெல் கண்ணைத் திறந்தபோது எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹபர்ட் மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். ஜூவல் மட்டும் பக்கத்திலிருந்தவளிடம் எதையோ கிசுகிசுத்தாள். ரோண்டா எழுந்து பின்வரிசைக்குப் போய் டார்லீனின் முன்னால் நின்றாள். பிறகு அக்காவும் தங்கையும் சேர்ந்தே வெளியே போனார்கள், லேனியை நடுவில் நடத்திக்கொண்டு.

மேடெல் வண்டிகள் நிற்கிற இடத்துக்கு ஓடிவந்தாள். டார்லீனின் வண்டிக்கு முன்னால் ரோண்டா கை கட்டி நின்றிருந்தாள். அவள் முகத்தில் மேடெல் எதிர்பார்த்த எதுவும் இல்லை.

"மறுபடியும் ஆண்டவர்கிட்டதான் சொல்லியிருக்கீங்க, எங்கிட்ட இல்ல," என்றாள் ரோண்டா.

"ரோண்டா, கண்ணு."

"கண்ணுன்னு கூப்பிடாதீங்க. இந்த ஒரு மாசமா உங்களுக்கு அடுத்த தெருவுலதான் இருக்கேன். உங்க பாத்திரத்தைக் கழுவிக் கொண்டாந்து கொடுத்தேன், முட்டை வெச்சுக் கொடுத்தேன். அப்போ சொல்ல வாய் வரல. கண்ணை மூடிக்கிட்டாத்தான் உங்களுக்கெல்லாம் வாய் வருது."

மேடெலுக்கு முகம் எரிந்தது. தப்பித்துவிட்டோம், பாரம் இறங்கிவிட்டது என்று அரங்கத்து வாசல்வரை அவளுக்கு ஒரு லேசான நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தும் இப்போது கூசியது.

"நான்தான் சொன்னேன்," என்றாள், ரோண்டாவின் முகத்தைப் பார்த்து. "உன் மூஞ்சியப் பார்த்துப் பொய்யும் சொன்னேன். பயந்துட்டேன்."

"வியாழக்கிழமை கோர்ட்டு. அங்க கண்ணைத் தெறந்துக்கிட்டு இதைச் சொல்லணும்."

"வர்றேன்."

"வேல போயிரும். ஊரு உங்ககிட்ட பேசாது. என்கிட்ட பேசாத மாதிரி."

"தெரியும். வர்றேன்."

"மன்னிச்சிட்டேன்னு சொல்லுவேன்னு நிக்காதீங்க. மொதல்ல டெஸ்ஸா வீட்டுக்கு வரட்டும். அப்புறம் பார்க்கலாம்." ரோண்டா வண்டியின் பக்கம் தலையைச் சாய்த்தாள். "உள்ள ஒருத்தி ஒக்காந்திருக்கா. அவளுக்கு நானே இன்னும் பதில் சொல்லி முடிக்கல. நீங்களும் போய்ச் சொல்லுங்க."

லேனி நீலச் சட்டையைக் கழற்றி மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி இறக்கியிருந்தது. மேடெல் குனிந்தாள். காதருகே குனிகிற பழக்கத்தில் குனிந்துவிட்டு, தன்னையே உணர்ந்து ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"உள்ள அவ்வளவு பேரு கேட்டாங்களே. மிஸ்தான் சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லியிருக்கலாமே, லேனி."

"யாரு கேட்டாலும் பேசாதன்னு நீங்கதானே சொன்னீங்க."

கேட்கக் கூடாது என்று தோன்றியும் மேடெல் கேட்டாள்: "அன்னிக்குக் காலையில அதைச் சொல்ல உனக்கு இஷ்டமில்லையா?"

"இல்ல."

"அப்போ மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே."

லேனி அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். பெரியவர்கள் சில சமயம் எத்தனை மக்காக இருக்கிறார்கள் என்கிற ஆச்சரியம்.

"உங்ககிட்டயா மிஸ்?" என்றாள். "லைட்டைப் போட்டது நீங்க. எல்லாக் கிளாஸும் கண்ணை மூடிக்கிட்டுக் காத்துக்கிட்டு இருந்துச்சு. அப்போ எப்படி மாட்டேன்னு சொல்றது?"

எத்தனை காலையில் எத்தனை பிள்ளைகள் அந்தச் சிவப்பு விளக்கின் முன்னால் நின்றிருப்பார்கள் என்று மேடெல் எண்ணிப் பார்க்க முயன்றாள். ஒரு பிள்ளைகூட ஒருநாளும் மாட்டேன் என்றதில்லை. அதை அவள் பக்தி என்றே நினைத்திருந்தாள்.

இந்த மாதிரி நேரத்தில் அவள் வழக்கமாகப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, வா கண்ணு, ஜெபிக்கலாம் என்பாள். கை தானாக ஜன்னல்வரை போனது. அதைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"தப்பு என்னுது, லேனி," என்றாள், கண்ணைத் திறந்தபடியே. "உன்னுது இல்ல."

லேனி கண்ணாடியை ஏற்றவில்லை.